காலிக் கோட்டையில் காட்டிய வீடு

மகனே, ஸலாம். சுகம் விசாரிக்கும் வரிகளை இந்தமுறை விட்டுவிடுகிறேன். நீ சுகமாக இல்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். உங்கள் பக்கமும் ஊரடங்கு, எங்கள் பக்கமும் ஊரடங்கு, கடிதம் வந்துசேர மூன்று கிழமை எடுத்திருக்கிறது. அதை மூன்று தரம் வாசித்தேன். உன் மாமனார் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தமும் முடிந்துவிட்டது என்கிறாய். அவருடைய தம்பிமார் கோட்டை வீட்டை யாரோ ஹோட்டல்காரனுக்கு விற்கப்போகிறார்கள், அதில் ஒரு கதவுகூட உனக்கு வரப்போவதில்லை என்கிறாய். கல்முனைக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்துவிட்டாயாம். பரீதாவையும் பிள்ளையையும் அவள் தாயோடு விட்டுவிட்டு அடுத்த மாதம் தனியாக வரப்போகிறாயாம். 'ஏமாத்துக்காரன்ட மகளோட இனி எனக்கென்ன வாழ்க்கை உம்மா' என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், நின்றபடி வாசிக்காதே, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசி.

முதலில், நீ வருகிறேன் என்கிற வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலியில் பத்து வருஷம் இருந்ததில் உனக்கு மறந்திருந்தாலும் மறந்திருக்கும், நம் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. எனக்கு என் தாய் தந்த வீட்டை நான் உன் தங்கச்சிக்குக் கொடுத்தேன். அவள் கல்யாணம் முடிந்த அதே கிழமை நானும் வாப்பாவும் குசினிக்குப் பின்னால் உள்ள அறைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனோம். யாரும் எங்களைத் தள்ளவில்லை, அதுதான் இங்கே முறை. இப்போது அந்த அறையில் நான் தனியாக இருக்கிறேன். மருமகன் நல்ல மனிதர், நான் இருமும்போது மட்டும் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். ஆம்பிளைப் பிள்ளைக்குத் தாய் வீட்டில் சாப்பாடு இருக்கும், அறை இருக்காது. கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போகிறவன்தான் இந்த ஊரில் ஆம்பிளை. நீ போகவேண்டிய வீடு ஒன்று இதே தெருவில், எங்களிலிருந்து நாலு வளவு தள்ளிக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதை இல்லாமல் செய்தவள் நான். அங்கேயிருந்துதான் தொடங்கவேண்டும்.

சூறாவளி அடித்த அந்தக் கார்த்திகை மாதம் நீ அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைப் படிப்பை முடித்து, முதல் நியமனத்தில் காலிக்குப் போயிருந்தாய். ஆகவே நம் வீட்டுக் கூரை எப்படிப் போனது என்று நீ காணவில்லை. நான் கண்டேன். ஓடு ஒவ்வொன்றாகக் கழன்று போகவில்லை, கூரை முழுவதும் ஒருதரம் மூச்சு விட்டதுபோல எழும்பி, பக்கத்து வளவில் போய் விழுந்தது. நானும் வாப்பாவும் உன் தங்கச்சியும் கட்டிலுக்குக் கீழே கிடந்து கலிமா சொல்லிக்கொண்டிருந்தோம். விடிந்து பார்த்தால் வளவில் ஒரு தென்னைகூட நிமிர்ந்து நிற்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு என் புத்தி சுவரைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது காற்று கொஞ்சம் பலமாக வீசினால் சோக்குக் கட்டியைக் கீழே போட்டுவிடுவேன். இதை என் பக்க நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

உன் மாமா, என் தம்பி, அந்தச் சூறாவளிக்குப் பிறகும் தன் மகள் ஜெஸீமாவுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். யாருக்காக என்று ஊருக்கே தெரியும். நீ சின்ன வயதில் அவர் வீட்டில் தின்ற சோறு என் வீட்டில் தின்றதைவிடக் கூட. யாரும் வாயால் பேசி முடிக்கவில்லை, ஆனால் வாசலுக்கு நிலை வைக்கிற அன்று என்னைத்தான் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் நிலையைப் பிடித்தால் பேச்சு முடிந்தது என்றுதான் அர்த்தம். நான் பிடித்தேன். மறுபக்கத்தை ஜெஸீமாவின் உம்மா பிடித்தா. மேசன் மட்டம் பார்த்து முடிகிறவரைக்கும் கை நோகப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூட விடுமுறைக்கு நீ வந்து, 'உம்மாவும் வாப்பாவும் ஒருக்கா காலிக்கு வாங்க, கோட்டையக் காட்டுறன்' என்று ஒற்றைக்காலில் நின்றாய். கோட்டையைக் காட்டத்தான் கூப்பிடுகிறாய் என்று வாப்பா நம்பினார். எனக்குத் தெரியும். நீ எழுதிய கடிதங்களில் ஹாஜியார் வீடு என்ற சொல் பக்கத்துக்கு நாலுதரம் வரும். வாடகை அறையில் இருந்த உனக்கு அவர் வீட்டிலிருந்துதான் பகல் சாப்பாடு வந்தது. அங்கே ஒரு பெண் பிள்ளை இருக்கிறது என்று நீ எழுதாவிட்டாலும் உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதா? மருதமுனைச் சாரன் நாலும், இரண்டு சட்டி எருமைத் தயிரும் கட்டிக்கொண்டு வந்தோம். அம்பாறை, வெல்லவாய, மாத்தறை என்று பஸ் மாறி மாறி, தயிர்ச் சட்டியை மடியை விட்டு இறக்காமல் வாப்பா வந்தார். அதில் ஒன்று அம்பாந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது உடைந்துபோனது. அவர் சாரனெல்லாம் தயிர். நான் வழிநெடுக ஏசிக்கொண்டு வந்தேன்.

காலியை நீ எங்களுக்குக் காட்டிய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. நீ கட்டியதுபோலவே காட்டினாய். கோட்டை வாசலுக்கு மேலே கல்லில் வெட்டிய சேவலையும் இரண்டு சிங்கங்களையும் காட்டி ஒல்லாந்தரின் முத்திரை என்றாய். மதில்மேல் எங்களை ஏற்றி, ஒரு கொத்தளத்திலிருந்து மறு கொத்தளத்துக்கு நடத்தினாய். வெளிச்சவீட்டுக்கு முன்னால் உள்ள வெள்ளைப் பள்ளிவாசல், பறங்கியர் கோயில் மாதிரியே இருந்ததைக் கண்டு வாப்பா செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார். ஒல்லாந்தரின் கோயிலுக்குள் தரை முழுவதும் அடக்கம் செய்தவர்களின் மையித்துக் கல், மண்டை ஓடு வெட்டிய கல். அதன்மேல் கால் வைக்கமாட்டேன் என்று அவர் வெளியிலேயே நின்றுவிட்டார். தெருவுக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் கான்களைக் கடல்தண்ணீர் ஏறி வந்து கழுவிக்கொண்டு போகுமாம், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எப்படி யோசித்திருக்கிறார்கள் பாருங்கள் என்று நீ வியந்தாய். மதிலில் கையை வைத்தபடி வாப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். 'இவ்வளவு கல்லையும் யாரு மனே சொமந்த?' நீ அடுத்த கொத்தளத்தைக் காட்ட நடந்துவிட்டாய். எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது, பட்டிக்காட்டுக் கேள்வி என்று நினைத்தேன். இன்றைக்கு அந்த ஊரில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான் என்று படுகிறது.

பகல் சாப்பாடு ஹாஜியார் வீட்டில். சங்கையான மனிதர். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு மாணிக்கம்கூட இல்லாத மாணிக்க வியாபாரி. வாசலுக்கே வந்து, 'வாங்கொ டீச்சர், வாங்கொ, தூரத்துப் பயணம் வந்தீக்கிறீங்க' என்று கூப்பிட்டார். பெண்கள் பக்கத்தில் நாலு பேருக்கு ஒரு பெரிய சஹன் தட்டில் சோறு வைத்தார்கள். நெய்ச்சோறு, கோழி, புளியும் சீனியும் சேர்த்துப் பொரித்த கத்தரிக்காய், அச்சாறு, கடைசியில் ஏலமும் கித்துள் கருப்பட்டியும் மணக்கும் வட்டிலப்பம். பக்கத்துப் பறங்கி வீட்டிலிருந்து வந்த, பிளம்ஸ் போட்ட நெய்ப் பாண் ஒன்றையும் வெட்டித் தந்தார்கள். நாங்கள் கொண்டுபோன ஒற்றைச் சட்டித் தயிரை ஹாஜியாரின் மனைவி எல்லாருக்கும் நடுவில் வைத்து, முதல் கரண்டியைத் தானே போட்டுக்கொண்டா. பரீதா தண்ணீர்க் கோப்பையோடு வந்து போனாள். நான் அவளை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை, மகனே. என் கண் முகட்டில் இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் ஹாஜியாரின் மனைவி எழும்பி, 'எங்கட ஊட்டப் பாக்காமப் போவேலா' என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. கதவுக்கு மேலே அரைவட்டத்தில் பூவும் கொடியுமாகச் செதுக்கிய மரச்சல்லடை, அதற்குள்ளால் வந்து தரையில் விழுந்த வெளிச்சம், வரிசையாகத் தூண்கள் நிற்கும் விறாந்தை, நடுமுற்றத்தில் கிணறு, கருங்காலிக் கட்டில், ஆள் உயரத்துக்கு நிற்கும் அலுமாரிகள். ஒவ்வொரு அறையாகத் திறந்தா. ஒரு அறைக்குள் திரைச்சீலையை விலக்கவேண்டியிருந்தபோது சாவிக்கொத்தை என் கையில் தந்தா. நான் அதைப் பிடித்துக்கொண்டு யன்னல் படியில் முழங்கையை வைத்துச் சுவரை அளந்தேன். இரண்டு முழம். எந்தச் சூறாவளிக்கும் அசையாத இரண்டு முழச் சுவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அறை அறையாக, குசினி, கிணற்றடி வரை காட்டினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. இந்த வீடு பெண்ணோடு வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதை யாரும் வாயால் சொல்வதில்லை, சொல்வது மரியாதையுமில்லை. காட்டியது கொடுத்தது மாதிரி. ஆனால் அது கல்முனை இல்லை, காலி. நாங்கள் முற்றத்தில் நிற்கும்போதே ஒரு வெள்ளைக்காரச் சோடி படம்பிடிக்கிற பெட்டியோடு வாசலில் வந்து எட்டிப் பார்த்தது. ஹாஜியாரின் மனைவி அவர்களையும் உள்ளே கூப்பிட்டு அதே அறைகளைத் திறந்து, அதே கட்டிலையும் அலுமாரியையும் காட்டினா. வெள்ளைக்காரிக்கும் ஒரு துண்டு பாண் வெட்டிக் கொடுத்தா. அந்தக் கோட்டைக்குள் இருக்கிறவர்களுக்கு வீடு காட்டுவது என்பது வெற்றிலை வைப்பது மாதிரி ஓர் உபசாரம். இதை நான் என் கண்ணால் கண்டேன். கண்டும், வெள்ளைக்காரியின் கையில் சாவியைக் கொடுக்கவில்லைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மாத்தறை பஸ்ஸில் வாப்பா கேட்டார். 'ஊடு தாறமெண்டு வாயால சொன்னாங்களா புள்ள?'

'சொல்லணுமா? சாவிக்கொத்தையே கையில தந்தாங்க.'

'அது புடிக்கத் தந்த. ஒருக்கா கேட்டுப் பாத்தா என்ன?'

'வயலையும் வாய்க்காலையும் தவிர நீங்க என்னத்தக் கண்ட? சும்மா இரிங்க.'

சும்மா இருந்தார். அவர் அப்படித்தான், நான் சும்மா இருக்கச் சொன்னால் சும்மா இருந்துவிடுவார். அந்தக் குணத்தை வைத்துத்தான் நான் முப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன்.

ஊருக்கு வந்து நான் வாய் ஓயவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியைமாரிடம், கல்யாண வீட்டில், மருந்து எடுக்கப் போன இடத்தில், எல்லா இடத்திலும் என் மகனுக்குக் காலிக் கோட்டைக்குள் ஒல்லாந்தன் கட்டிய வீடு வருகிறது என்றேன். தூண் எத்தனை என்றும் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். 'ஹாஜியார் ஊட்டத் தாறாராம் மனே' என்றேன். நீ கேட்ட ஒரே கேள்வி, 'அந்தப் பெரிய கதவோடயா உம்மா?' என்பது. இதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் உனக்கும் இதில் பங்கு உண்டு. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நீ எழுதிய கடிதங்களை இன்று காலையில் எடுத்துப் பார்த்தேன். கதவுச் சல்லடையைப் பற்றி ஒரு பக்கம், முகட்டுப் பலகையைப் பற்றி அரைப் பக்கம், பரீதா சுகம் என்று ஒரு வரி. அந்தப் பிள்ளையைவிட அந்த வீட்டைத்தான் நீ கூட விரும்பினாய். என்னிடம் கற்ற பாடம்தான், வேறு யாரிடம் கற்றிருப்பாய்?

மாமாவிடம் நான் நேரில் போகவில்லை. ஆள் அனுப்பிச் சொன்னேன், அது இன்னும் கேவலம். அவர் அன்றே வந்தார். வாசலுக்குள் வரவில்லை, முற்றத்தில் நின்றார். 'ராத்தா, நிலைய நீங்கதானே வந்து புடிச்சிங்க. இனி நான் யாருக்குக் கதவு போடுற?' என்று கேட்டார். நான் ஏதோ நஸீபு, விதி, அது இது என்று அல்லாஹ்வின் மேல் பழியைப் போட்டேன். 'ஓம், சரி' என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. வாப்பாவின் ஜனாஸாவுக்கு வந்தார், சந்தூக்கின் முன் காலைத் தோளில் வைத்துச் சுமந்தார், என் முகத்தைப் பார்க்காமலே போனார். ஜெஸீமாவுக்கு அடுத்த வருஷமே சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை எடுத்தார்கள். நல்லாத்தான் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள். நம்மால் அவள் வாழ்க்கை கெடவில்லை என்பதில் எனக்கு ஆறுதல் வரவேண்டும். வரவில்லை. நாங்கள் இல்லாமலும் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவள் என் கண்ணுக்கு முன்னால் வாழ்கிறாள்.

இனித்தான் நீ கவனமாக வாசிக்கவேண்டும். மருதமுனைச் சாரன் வியாபாரி ஒருவர் காலிக்குப் போனபோது ஹாஜியாரின் கடையில், 'மருமகனுக்குக் கோட்டை வீட்டையே குடுக்கிறயளாமே' என்று வாழ்த்தியிருக்கிறார். ஒரு மாதத்துக்குள் ஹாஜியாரிடமிருந்து வாப்பாவின் பெயருக்குக் கடிதம் வந்தது. உன் வாப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதும், வருகிற கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன் என்பதும் உனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தில் ஹாஜியார் எழுதியிருந்தது இதுதான்: விருந்தாளிகளுக்கு வீட்டைக் காட்டுவது எங்கள் வழக்கம், அதில் உங்களுக்கு வேறு எண்ணம் ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவேண்டும். இந்த வீடு எங்கள் வாப்பா சகோதரர் நாலு பேருக்கும் பொதுவாக விட்டுப்போனது, என் மகளுக்கு எழுதிக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. என் சீவன் உள்ளவரைக்கும் கடற்பக்கத்து அறையில் அவர்கள் இருக்கலாம். இதற்குச் சம்மதம் என்றால் நாள் வையுங்கள். இல்லையென்றால் ஒரு மனவருத்தமும் இல்லை, மாஸ்டரும் என் பிள்ளை மாதிரித்தான்.

பக்கத்தில் பாயில் உட்கார்ந்து வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஸலாத்தை வாசித்தேன், சுகம் விசாரித்த வரிகளை வாசித்தேன், பிறகு நடுவில் உள்ள அவ்வளவையும் தாண்டி, நாள் வையுங்கள் என்ற இடத்துக்குப் போய்விட்டேன். குரல்கூடத் தடுமாறவில்லை. முப்பது வருஷம் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு எழுத்தையும் விடாமல் வாசி என்று பிரம்பைக் காட்டியவள், என் புருஷனுக்கு அரைக் கடிதத்தை வாசித்தேன். 'நல்ல மனிசன்' என்றார் வாப்பா. சம்மதம் என்று பதிலை நானே எழுதி, நானே தபாலில் போட்டேன். உனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் என்று நீ கேட்பாய். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன், மகனே. தம்பியை முற்றத்தில் நிறுத்தி அனுப்பிவிட்டேன். இனி அந்த வீடு இல்லை என்று சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு தெருவில் இறங்குவது? என் முகத்தைக் காப்பாற்ற உன் கல்யாணத்தைப் பொய்யில் நடத்தினேன்.

உனக்குப் பிள்ளை பிறந்தபோது நான் வந்து மூன்று கிழமை நின்றேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மதிலுக்குப் போய்விடுவாய். ஒருநாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பரீதா என்னிடம், 'மாமி, அவர் என்னோட கதைக்கியல்ல. நான் எனத்தியன் குத்தம் செஞ்ச?' என்று கேட்டாள். எனக்குத் தெரியும், அவள் ஒன்றும் செய்யவில்லை, நீ வீட்டுச் சாவிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாய். 'ஆம்பிளையள் அப்படித்தான் புள்ள' என்று சொல்லிப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டேன். நான் புறப்படுகிற அன்று ஹாஜியார் விறாந்தைக்கு வந்தார். 'டீச்சர், நான் எழுதின கடிதம் கெடச்சதுதானே?' என்று மெதுவாகக் கேட்டார். 'ஓம், கெடச்ச' என்றேன். என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். 'அப்ப சரி' என்று சொல்லிவிட்டு, எனக்குப் பஸ்ஸில் இடம் பிடிக்க ஆள் அனுப்பினார். அவருக்கு விளங்கிவிட்டது. நான் உன்னிடம் மறைத்துவிட்டேன் என்பது அந்தக் கணத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

வாப்பா மௌத்தான மூன்றாம் நாள் நீ என்னிடம் நேராகவே கேட்டாய். 'உம்மா, அவர் ஊடு தாறமெண்டு சொன்ன உண்மையா?' உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. பஸ்ஸில் நடந்தது தெரிந்த ஒரே ஆளும் மண்ணுக்குள் போய்விட்டார் என்பதுதான் எனக்கு அந்த நேரம் தோன்றியது. 'சொன்னாருதான். இப்ப பேச்சு மாறிட்டாரு' என்றேன். புருஷனுக்காக இத்தா இருக்கிறவள், வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்து அந்தப் பொய்யைச் சொன்னேன். நீ திரும்பிப்போய் அவருடைய தம்பிமாருக்கு முன்னால் அவரை ஏமாற்றுக்காரன் என்று ஏசியதாகவும், அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்ததாகவும், குற்றமுள்ளவன்தானே தலை குனிவான் என்றும் எனக்கு எழுதினாய். எல்லாம் அன்றே எழுதி அனுப்பினேன், உன் உம்மாவுக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் தப்பியிருப்பார். சொல்லவில்லை. ஒரு மகன் தன் தாயை எப்படி நினைக்கவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த அக்கறை எனக்கு இருக்கவில்லை. ஐந்து வருஷமாக ஒவ்வொரு தொழுகையிலும் இதை நினைக்கிறேன். அவர் மௌத்தாகிவிட்டார் என்று உன் கடிதத்தில் வாசித்தபோது முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதற்காகத்தான் என்னை நானே மிகவும் வெறுக்கிறேன்.

ஆகவே நீ விட்டுவிட்டு வர நினைப்பது ஏமாற்றுக்காரனின் மகளை அல்ல. ஏமாற்றுக்காரியின் மகன் நீதான். ஹாஜியாரின் அந்தக் கடிதத்தை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். கிழித்துப்போடப் பலதரம் எடுத்தேன், கை வரவில்லை. உன் பிள்ளைக்கு ஆறு வயது. நாளைக்கு அவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் வாப்பா எங்கே என்றுதான் கேட்பார்கள். அவர் ஒரு வீட்டுக்காக எங்களை விட்டுப் போய்விட்டார் என்று பரீதா சொல்லவேண்டி வரும். அவள் அப்படிச் சொல்லமாட்டாள், உன்னைக் காப்பாற்றி ஏதாவது சொல்வாள், அவள் வாப்பாவின் பிள்ளைதானே. கல்முனைக்கு வந்தால் நீ என்ன செய்வாய்? உன் வயதுக்காரர் எல்லாரும் மனைவி வீட்டுக்குப் போகிற நேரத்தில் சந்தியில் நிற்பாய். உன் மாமா சைக்கிளில் உன்னைக் கடந்து போவார்.

உனக்குச் சொல்ல இருக்கிற புத்தி ஒன்றே ஒன்று. எதையும் வாயால் கேள். குறிப்பாலும் முறையாலும் விளங்கிக்கொண்டேன் என்று இராதே, வெட்கத்தை விட்டுக் கேள். கேட்டதற்கு வந்த பதிலை மாற்றாதே. எனக்கு அது ஐம்பது வயதுக்கு மேலும் வரவில்லை.

பரீதாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, சிங்களத்தில் படித்த பிள்ளை. ஆகவே இந்தக் கடிதத்தை நீதான் உன் வாயால் அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும். பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, முதல் வரியிலிருந்து வாசி. நான் அவளைப் பார்க்காமல் முகட்டைப் பார்த்த இடத்தையும், நீ கதவைக் கேட்ட இடத்தையும் தாண்டிவிடாதே. அவளுடைய வாப்பா எழுதியதையும் முழுதாக வாசி, அது அவளுக்குச் சேரவேண்டியது. முடித்த பிறகு நீ ஒன்றும் சொல்லாதே, அவள் சொல்வதைக் கேட்டுக்கொள். இருக்கச் சொன்னால், அவள் எந்த வாடகை அறைக்குக் கூப்பிடுகிறாளோ அங்கே போய் இரு. போகச் சொன்னால் வா. என் அறையில் இன்னொரு பாய் விரிக்கலாம், நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடப்போம்.